பெல்ட் போடாமல் போன சைக்கிள்

போன வாரம் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்தவள், உங்கள் பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு பழைய நர்ஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ்களான உங்களில் ஒரு பெண், வீட்டுக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்குக் குழந்தையின் கார் சீட்டைப் பொருத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது, காரின் பெல்ட் எந்த வழியாக நுழைய வேண்டும், குழந்தையின் தோள்வார் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. பிள்ளை பெற்றவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அப்போது மாமியார் கேட்டார்: "எம் மடியில இல்லாத பாதுகாப்பு இந்தப் பிளாஸ்டிக்குல இருக்காக்கும்?" மகன் சிரித்தான். சீட்டு டிக்கிக்குப் போனது, குழந்தை மடிக்குப் போனது. உங்கள் ஆளும் சிரித்தபடி சொன்னாள்: "சரிம்மா, இன்னைக்கு மட்டும் மடியில வச்சுக்கங்க. பையப் போகச் சொல்லுங்க."

அதே சொற்களை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய் சொல்ல வயதாகிவிட்டது. கொஞ்சம் திட்டத்தான் எழுதுகிறேன். அதைவிட அதிகமாக என்னையே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதையும் படித்துவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை என் பொறுப்பு. எங்கள் வாசலுக்குக் கார் வருவது அபூர்வம். வந்தாலும் அம்பாசடர் டாக்சி. அதில் பெல்ட்டும் கிடையாது, ஒரு வாரும் கிடையாது. பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். "பின்னாடி உக்காருங்க" என்று நான் சொன்னால், நான் அவர்களை ஏதோ குறைவாக நினைத்துவிட்டதாக முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்று பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அது மாதத்துக்கு இரண்டு பேர். எங்கள் ஜனத்தின் கார் சைக்கிள்தான்.

திங்கட்கிழமை காலையில் என் அறை வாசலில் குழந்தைகள் காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சினிமாவுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்விட்டு, சக்கரக் கம்பிக்குள் கால் போன குழந்தைகள். குதிகால் தோல் செருப்பின் வார் பிய்ந்ததுபோலத் தொங்கும். கேட்டால், "தூங்கிருச்சு சிஸ்டர்" என்பார்கள். இல்லையென்றால் "கண்ணு பட்டுருச்சு" என்பார்கள். கண் என்ன செய்தது, கம்பியல்லவா செய்தது என்று எனக்கு வாய்வரை வரும். சில நாள் வெளியிலும் வந்துவிடும். வாயாடி என்ற பெயர் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாய்தான் என் பேச்சைக் கேட்ட முதல் ஆள். கடைகளில் விற்ற குழந்தை சீட்டில் கால் வைக்க இடம் இல்லை, பிடித்து நிறுத்த வாரும் இல்லை. பாய் தானே ஒன்று செய்தார். முன்பாரில் நட்டுப் போட்டு முறுக்கும் இரும்புச் சட்டம், முதுகுக்குச் சாய்மானம், இரண்டு கால்தட்டு, கால் சக்கரத்துப் பக்கம் போகாமல் தகரத் தடுப்பு. பெல்ட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்தவர், கிழிந்துபோன கண்டக்டர் பைகளின் தோல்வாரை எங்கிருந்தோ வாங்கி வந்தார். "பத்து வருசம் சில்லறை தூக்குன வார் சிஸ்டர். ஒரு புள்ளயத் தாங்காதா?" என்றார்.

தாங்கும். ஆனால் ஜனங்கள் சீட்டை வாங்குவார்கள், பெல்ட்டை மட்டும் போடமாட்டார்கள். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒருவர் விளக்கினார். எங்கள் பக்கத்தில் மனிதரைக் கட்டி எடுத்துப் போவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். பாடையில் வைத்துக் கட்டுவோம். உயிரோடு இருக்கும் பிள்ளையைக் கட்டி வண்டியில் ஏற்றினால் என்ன அர்த்தம்? நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அறியாமை என்று முடிவு கட்டினேன். நான் செய்த முதல் தப்பு அது.

ஒத்தக்கடைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து பெரியகருப்பன் என்பவர் தினமும் வாழை இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு சைக்கிளில் மதுரைக்கு வருவார். பின் கேரியர் இலைக்கு. இரண்டரை வயது மகள் முத்துப்பேச்சிக்கு முன்பார்தான் இடம், அதில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருப்பார். அப்படி வந்துகொண்டிருந்தபோது அவள் இடது கால் முன்சக்கரத்துக்குள் போய்விட்டது. மூன்று வாரம் எங்களிடம் இருந்தாள். கட்டைப் பிரிக்கும்போது அழமாட்டாள். என் தொப்பியைக் கேட்பாள், கொடுத்தால் தலையில் வைத்துக்கொண்டு எனக்கே ஊசி போடுவாள். அவள் அம்மா பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று, நான் எதைச் சொன்னாலும் "சரிங்க சிஸ்டர்" என்பாள்.

வீட்டுக்குப் போகும் முன் மூன்று நாள் பேச்சியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாயின் சீட்டை வராந்தாவில் ஒரு சைக்கிளில் பொருத்தி, பிள்ளையை உட்காரவைத்து, பெல்ட்டை இடுப்பில் போட்டுக் காட்டினேன். அவளையும் செய்யச் சொன்னேன். அழகாகச் செய்தாள். தலையாட்டுகிறவளுக்குப் பாடம் நடத்துவது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சைக்கிள் ஓட்டுகிறவர் வேறு ஆள் என்பதும், அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் இன்னும் வேறு ஆள் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வேறு ஆள் வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். பெரியகருப்பனின் அக்கா, பிள்ளைக்கு அத்தை. பேச்சியம்மாள் பெல்ட்டை எடுத்ததும் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம அதுவுமா புள்ளயக் கட்டிக் கொண்டு போறீகளா? வேணாம்னா வேணாம்."

"அத்தை, பெல்ட் போடலன்னா பிள்ளை தூங்குனதும் சரியும். சரிஞ்சா கால் தட்டுல நிக்காது" என்றேன்.

"நான் புடிச்சுக்கிட்டே நடந்து வாரேன்."

"ஒத்தக்கடை வரைக்குமா?"

"ஆமா. எம்புட்டுத் தூரமா இருந்தா ஒனக்கென்ன?"

குரல் ஏறியது. அழவும் தொடங்கிவிட்டார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பாயின் சீட்டைப் பொருத்திய பெரியகருப்பனின் சைக்கிள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் பெரிய டாக்டரின் கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அந்த ஆஸ்பத்திரியின் முதலாளி அவர்தான். அவர் கண்ணாடியை இறக்கி, "என்ன சிஸ்டர், இங்க என்ன நடக்குது?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கெட்ட பெயர் வாங்குவது எனக்குப் புதிதல்ல, ஆனால் அன்று என்னவோ நல்லவளாக இருக்க ஆசை வந்துவிட்டது. அத்தையின் தோளில் கைவைத்து, சிரித்த முகத்தோடு சொன்னேன்: "சரி, இன்னைக்கு மட்டும் பெல்ட் போடாமப் போங்க. பைய ஓட்டுங்க." சைக்கிள் நகர்ந்தது. கார் உள்ளே வந்தது. டாக்டர் எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பேச்சியம்மாள் ஓடி வந்தாள். பிள்ளை தோளில் கிடந்தாள். பின்னாலேயே அத்தை, புடவையெல்லாம் ரத்தம். அத்தை சொன்னபடியே பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். மேலூர் ரோட்டில் பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கும்போது ஒரு நிமிடம் கையை விட்டிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை சரிந்து, கால் தட்டைவிட்டு விலகி, தடுப்பையும் தாண்டிச் சக்கரத்துக்குள் போயிருக்கிறது. இந்தத் தடவை வலது கால். போன தடவைபோல் தோலோடு நிற்கவில்லை, குதிகாலுக்கு மேலே போகும் நரம்பு வரைக்கும் வெட்டியிருந்தது.

நான் கத்தினேன். என் குரல் வராந்தாவின் கடைசிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று பேச்சியம்மாளைப் பார்த்துக் கத்தினேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீக, இன்னைக்கு மட்டும்னு."

பஞ்சை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே பெல்ட்ட ரிவெட்டு அடிச்சுத்தான் விப்பேன். கழட்டிக் குடுன்னா சீட்டும் இல்ல, போயிட்டு வாங்கம்பேன். நீங்க உங்க வாசலப் பாருங்க" என்றார்.

என் வாசலைப் பார்த்தேன். அன்றிலிருந்து, சைக்கிளில் வீட்டுக்குப் போகும் எந்தக் குழந்தையும் பெல்ட் இல்லாமல் எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். திட்டினார்கள். ஒருவர் என் காலில் சக்கரத்தை ஏற்றினார். ஒரு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் குமாஸ்தா, நான் யாரென்று தெரியுமா என்று கேட்டார். பிள்ளைக்குப் பெல்ட் போடாதவர் என்று மட்டும் தெரியும் என்றேன். அவர் நேரே பெரிய டாக்டரிடம் போனார்.

எனக்கு மெமோ வந்தது. 'மருத்துவமனை வாயிலில் நோயாளிகளின் வாகனங்களை மறித்தமை' என்று தலைப்பு. ஏதோ பஸ் மறியல் செய்தவளைப்போல. ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டு விளக்கம் எழுதித்தர வேண்டும். டாக்டர் கூப்பிட்டும் பேசினார். கெட்டவர் இல்லை, நன்றாக ஆபரேஷன் செய்வார். முத்துப்பேச்சியின் நரம்பைத் தைத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியவரே அவர்தான். "காலச் சரிபண்றது நம்ம வேலை சிஸ்டர். அவங்க எப்படி வீட்டுக்குப் போறாங்கன்றது நம்ம வேலை இல்ல. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தா வெளிய விடமாட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசுறாங்க" என்றார். ஒரே பிள்ளையின் இரண்டு காலையும் நாமே தைத்திருக்கிறோமே டாக்டர், மூன்றாவது கால் அவளுக்கு இல்லையே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அறையை விட்டுப் போகச் சொன்னார்.

என் வீட்டில் எல்லோரும் மன்னிப்பு எழுதிக்கொடுத்துவிடு என்றுதான் சொன்னார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் வார்டில் என் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்த முறை நான் பாடம் எடுத்தது பேச்சியம்மாளுக்கு இல்லை, அத்தைக்கு. எடுத்தேன் என்று சொல்வதும் தப்பு. ஒருநாள் மதியம் அவர் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கட்டக் கூடாதுன்னு ஏன் அம்புட்டுப் பிடிவாதமா இருந்தீங்க?" என்று கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாடைக் கதைதான் வரும் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான்" என்றார். "நாலு வயசு. காச்சல். ஆஸ்பத்திரியில வச்சே போயிட்டான். வண்டி புடிக்க வழியில்ல. அவுக அய்யா சைக்கிள்ல அவன முன்னாடி உக்காத்தி வச்சு, துண்டால நெஞ்சோட சேத்துக் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டாந்தாக. வாசல்ல நின்னு பாக்குறேன். புள்ள நல்லா உக்காந்து வாரான்னுதான் நெனச்சேன்."

நான் அறியாமை என்று சிரித்தேனே, அது இதுதான். அந்தப் பெல்ட்டைப் போட்டு முத்துப்பேச்சியை முன்பாரில் நிமிர்த்தி உட்காரவைத்தால், அத்தையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதேன். ஆனால் அழுது முடித்ததும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "உங்க மகனை நான் திருப்பித் தர முடியாது. ஆனா இவளக் கட்டாம என் கேட்டைத் தாண்ட விடமாட்டேன். நீங்க எம்புட்டு அழுதாலும் விடமாட்டேன்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

முத்துப்பேச்சி வீட்டுக்குப் போகும் நாளும், என் மெமோவுக்குப் பதில் தரவேண்டிய கடைசி நாளும் ஒன்றாக வந்தன. பதிலை எழுதி இடுப்பில் செருகியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பிறகு நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'குற்றச்சாட்டு உண்மை. இனியும் மறிப்பேன்' என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். வேலை போகவில்லை, ஏனென்றால் என்னைப்போல் கட்டுப் போட அங்கே ஆள் இல்லை. ஆனால் மேட்ரன் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் போனது. கடைசிவரை நான் சிஸ்டர்தான்.

அன்று காலை பெரியகருப்பன் சைக்கிளைக் கொண்டுவந்து கேட்டுக்கு உள்ளே நிறுத்தினார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். படியில் பெரிய டாக்டர் நின்றார். எதிர்க்கடையில் பாய் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்தோம். வலது காலில் பெரிய கட்டு இருந்ததால் கால்தட்டின் மேல் ஒரு சின்னத் தலையணையை வைத்தேன். அத்தை இரண்டடி தள்ளி நின்றார். பெரியகருப்பன் அக்காவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பேச்சியம்மாள் பேசினாள். எத்தனையோ நாள் பழக்கத்தில் "சரிங்க சிஸ்டர்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"மதினி, நான் கட்டுறேன். நீங்க அந்தப் பக்கமாத் திரும்பிக்கிருங்க."

அத்தை திரும்பிக்கொண்டார். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்து நின்றார். பேச்சியம்மாள் வாரை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டினாள். யார் உதவியும் இல்லாமல் செய்தாள். பிள்ளைக்கு ஒரே குஷி. என் தொப்பியைத் தரமாட்டேன் என்று தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஹேண்டில்பாரை விட்டேன். டாக்டர் உள்ளே போனார்.

சைக்கிள் கேட்டைத் தாண்டும்போது அத்தை கையை நீட்டி நிறுத்தினார். அவர் பிள்ளையின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். பிறகு குனிந்து, பெல்ட்டுக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தார். நாலு விரலும் நுழைந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்து பிள்ளை இளைத்துப்போயிருந்தாள், பேச்சியம்மாளும் நானும் அதைக் கவனிக்கவில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, கோபமாகவே கேட்டார்: "இம்புட்டு லூசா இருக்கு, இதான் நீங்க கட்டுற லட்சணமா? அந்தப் பாயக் கூப்புடுங்க. இன்னும் ஒரு ஓட்ட போடச் சொல்லுங்க."

பாய் ஆணியும் சுத்தியலுமாக ஓடி வந்தார். வாரைக் கழற்றி, கேட் ஓரத்துக் கல்லின்மேல் வைத்து ஓட்டை போட்டார். அத்தை அதைத் தன் கையாலேயே மாட்டினார். விரலை விட்டுப் பார்த்தார். "இப்ப எடுறா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்தார்.

முத்துப்பேச்சி வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தாள். பள்ளிக்கூடப் பையோடு ஒருமுறை பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். அந்த இழுப்பு நான் கொடுத்தது. ஒரு காலைப்பொழுது நல்லவளாக இருக்க ஆசைப்பட்டதற்கு அவள் காலை எடுத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன். அந்த மாமியாரிடம் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சிரிக்காமல் முழுதாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் விட்டுக்கொடுக்காதீர்கள். ராங்கிக்காரி என்பார்கள், மேலே எழுதிப்போடுவார்கள், எழுதட்டும். அந்தக் குடும்பம் தடுப்பூசிக்குத் திரும்ப உங்கள் வாசலுக்கு வரும். அன்றைக்குக் காருக்கு முன்னால் போய் நின்று, டிக்கியைத் திறந்து அந்தச் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.